கொம்பு முளைத்த கட்டில்

ஹரிணி, தருண்... இரண்டு பேரும் கொஞ்சம் இங்கே வந்து உட்காருங்கள். இந்த வாரம் உங்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். முன்கூட்டியே அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் தருண், "என்னப் பத்தி நல்லதா மட்டும் எழுதுங்க" என்றிருப்பான். ஹரிணி, "என் ஃபோட்டோ போடாதீங்க" என்றிருப்பாள். ஃபோட்டோ போடவில்லை. நல்லதா மட்டும் என்பதற்கு மட்டும் என்னால் உத்தரவாதம் தர முடியாது, தருண். நீ கடைசித் தோசையைச் சோஃபாவுக்கு அடியில் ஒளித்து வைத்தது வரை எனக்குத் தெரியும்.

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிற மற்ற பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஹரிணி என் மகள், எட்டு வயது. தருண் என் மகன், ஐந்து வயது. நான் மன்னார்புரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் என்பதும் தெரியும் — என் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி நீங்கள் அனுப்புகிற கடிதங்களே சாட்சி.

அந்தக் கடிதங்களில் இந்த லீவில் அதிகம் வந்த கேள்வி ஒன்றுதான். "அங்கிள், தாத்தா வீட்டுல இருக்கேன். போரடிக்குது. தாத்தாவுக்கும் போரடிக்குதுன்னு நினைக்கிறேன். ரெண்டு பேரும் சேர்ந்து என்ன செய்யறது?"

நல்ல கேள்வி. ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இந்த லிஸ்ட் போடுகிற விஷயத்தில் எனக்கு ஏற்பட்ட அனுபவம் இருக்கிறதே...

மே மாதம் ஜெராக்ஸ் கடைக்குத் தீபாவளி மாதிரி. டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் என்று ஊரே காகிதத்தோடு வந்து நிற்கும். சுமதிக்கு — பிள்ளைகளின் அம்மாவுக்கு — ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் வேலை. லீவே கிடையாது. வழக்கமாக ஸ்ரீரங்கத்திலிருந்து என் அம்மா வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். இந்த வருடம் என் தங்கை கலாவுக்குப் பிரசவம். அம்மா ஓசூருக்குப் போய்விட்டார். ஸ்ரீரங்கத்து ஃப்ளாட்டில் அப்பா மட்டும்.

"சம்மர் கேம்ப்ல சேத்துடுண்ணே" என்றாள் கலா. விசாரித்துக்கொண்டிருந்தபோதுதான் அப்பாவின் போன்.

"டேய் செந்திலு, எதுக்கு கேம்ப்பு? ரெண்டு வாரம் இங்க கொண்டாந்து விடு. நான் பாத்துக்கிறேன்."

எனக்கு நம்ப முடியவில்லை. அம்மாவையும் லைனில் சேர்த்தேன். அம்மா சிரித்துவிட்டார்.

"யாரு, அவரா? தோசை வட்டமா இல்லன்னா திருப்பிப் போட மாட்டாரு. ரெண்டே நாள்ல பிள்ளைங்க அழுதுகிட்டு உன் வீட்டுக்கு வரும். நான் இங்க பச்ச உடம்புக்காரிய விட்டுட்டு ஓடி வரணும். வேணாம்ப்பா."

அப்பா மெதுவாக, "நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன்ல?" என்றார்.

எங்களை வளர்த்தது அம்மா. அப்பா சம்பளம் கொண்டுவந்தார். வீடு இப்படித்தான் நடந்தது. பிள்ளைகள் வேண்டும் என்று அவர் வாய் திறந்து கேட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. எப்படி மாட்டேன் என்பது?

சரி என்று சொன்னதோடு நின்றிருக்கலாம். நான் சும்மா இருப்பேனா? கடையில் உட்கார்ந்து வீடியோ வீடியோவாகப் பார்த்து ஒரு டைம்டேபிள் தயாரித்தேன். தாத்தாவும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து செய்ய வேண்டிய பதினான்கு வேலைகள். திங்கள் — பேப்பர் கப்பல். செவ்வாய் — களிமண் யானை. புதன் — பிடித்த மிருகம் வரைதல். கலரில் பிரிண்ட் போட்டு, லேமினேஷன் செய்து, மூலைகளைக் கூட வளைத்து வெட்டினேன்.

அதைக் கொண்டுபோய் யாரிடம் கொடுத்தேன் தெரியுமா? முப்பத்து நான்கு வருடம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இன்ஸ்பெக்டராக இருந்தவரிடம்!

தாத்தாவின் வேலை என்ன என்பதை மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒர்க்‌ஷாப்பில் செய்கிற சாமான்கள் எல்லாம் அவருடைய மேசைக்கு வரும். அவர் அளந்து பார்ப்பார். அளவு சரியாக இருந்தால் சாக்பீஸில் ஒரு டிக். ஒரு மயிரிழை பிசகினாலும் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு பெருக்கல் குறி — ரீஜெக்ட். ரயிலுக்கு அது ரொம்ப நல்லது. நீங்களும் நானும் தைரியமாக மேல் பெர்த்தில் தூங்குகிறோம் என்றால், அவரைப் போன்றவர்கள் எங்கோ ஒரு போல்ட்டை ரீஜெக்ட் செய்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

ஆனால் பேப்பர் கப்பலுக்கு?

திங்கட்கிழமை மாலை போன் வந்தது.

"டேய், அம்மா மண்டபம் படித்துறைக்குப் போயி ஆத்துல கப்பல் விடணும்னு போட்டிருக்க. ஆத்துல மணல்தான் கெடக்கு. எங்க விடறது?"

மே மாதம் காவிரியில் தண்ணீர் ஏது? வீடியோவில் எந்த ஊர் ஆற்றைக் காட்டினார்களோ, நான் அப்படியே எழுதிவிட்டேன்.

"அண்டாவுல விடுங்கப்பா."

"லிஸ்ட்டுல ஆறுன்னு இருக்கு."

"அப்பா... அண்டாவே போதும்ப்பா."

"அப்ப லிஸ்ட்ட திருத்தி அனுப்பு."

அதற்குள் தருண் போனைப் பிடுங்கினான். "அப்பா! அக்கா கப்பல் ரீஜெக்ட்டு! என் கப்பலும் ரீஜெக்ட்டு! ஒரு பக்கம் மூணு எம்.எம். தூக்கிட்டு இருக்காம். தாத்தா ஸ்டீல் ஸ்கேல் வெச்சு அளந்தாரு!" அவனுக்கு அது ஒரே கும்மாளம். ரீஜெக்ட் என்ற வார்த்தையே பிடித்துப்போய்விட்டது. சாம்பார் ரீஜெக்ட், குளியல் ரீஜெக்ட் என்று வீடு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினானாம்.

செவ்வாய்க்கிழமை களிமண் யானைகள். நான்கு கால்களும் ஒரே உயரமில்லை. ரீஜெக்ட்.

புதன்கிழமை மதியம் மூன்று மணி. கடையில் கூட்டம். ஹரிணியிடமிருந்து போன். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"அப்பா... என்னக் கூட்டிட்டுப் போயிடுங்க."

"ஏண்டா கண்ணு? தாத்தா திட்டினாரா?"

"இல்லப்பா. திட்டவே இல்ல. எனக்குத்தான் ஒண்ணும் வராது. நான் எதுவும் செய்யல. தருண் மட்டும் செய்யட்டும்."

ஹரிணி, நீ அதைச் சொன்னபோது என் கையில் யாருடைய மார்க் ஷீட்டோ இருந்தது. அதைத் தலைகீழாக மிஷினில் வைத்துவிட்டேன். ஏன் தெரியுமா? நீ சொன்ன அதே வார்த்தையை நான் என் ஒன்பதாவது வயதில் சொல்லியிருக்கிறேன். சோப்பு அட்டைப் பெட்டியில் ஒரு பஸ் செய்தேன். சோடா மூடிகள்தான் சக்கரம். அப்பா வேலை விட்டு வந்ததும் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து முன் சக்கரத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டார். "அச்சு கோணலா இருக்குப்பா. வண்டி எடது பக்கம் இழுக்கும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். சொல்லிக்கொடுக்கத்தான் சொன்னார். அதற்குப் பிறகு நான் கத்தரிக்கோலைத் தொடவில்லை. யாராவது கேட்டால், "எனக்கு அதெல்லாம் வராது" என்றேன். முப்பது வருடத்துக்கு மேலாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். காவிரிப் பாலம் தாண்டும் வரை என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை. 'அப்பா, நீங்க செய்யறது தப்பு.' சே, வேண்டாம். 'அப்பா, பிள்ளைங்க வேற, போல்ட்டு வேற.' இது பரவாயில்லை.

கதவைத் திறந்ததும் அப்பா என் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார். ஹரிணிக்காக நான் கொண்டுவந்திருந்த குட்டி ஹெல்மெட்டையும் பார்த்தார்.

"கூட்டிட்டுப் போக வந்தியா?"

நான் குட்டி ஹெல்மெட்டை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினேன்.

"உங்கம்மா ரெண்டு நாள்னு சொன்னா. மூணு நாள் ஓட்டிட்டேன்" என்றார். சிரிக்க முயன்றார். சரியாக வரவில்லை.

ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் செய்தித்தாள் மூடிய ஏதோ வரிசையாக இருந்தது. தூக்கிப் பார்த்தேன். ரீஜெக்ட் ஆன கப்பல்கள், ரீஜெக்ட் ஆன யானைகள். எல்லாம் ஒரே திசையைப் பார்த்து, ஒரே இடைவெளியில் நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்புப் பெருக்கல் குறி.

"என்னப்பா இது? ரீஜெக்ட்டெல்லாம் ஸ்க்ராப்புக்குத்தானே போகும்?"

"தூசி படும்ல. அதான் மூடி வெச்சேன்" என்றார், நான் கேட்காத கேள்விக்கு.

"அப்ப எதுக்குப்பா ரீஜெக்ட் போடுறீங்க?"

"போடாம? கோணலா இருக்கறத நேரா இருக்குன்னு சொன்னா அது பொய் இல்லையா? பிள்ளைங்ககிட்டப் பொய் சொல்லச் சொல்றியா?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? ஒத்திகை பார்த்த போல்ட்டு வசனம் பாலத்தோடு போயிற்று. நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் அப்பா கேள்வி கேட்டால் நான் ஒன்பது வயதுப் பையன்தான். ஹரிணி பையை மடியில் வைத்துக்கொண்டு சோஃபா ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், தாத்தாவைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் தருண் வந்தான். காதில் சிவப்புப் பென்சில்.

"தாத்தா, இன்னைக்கு நீங்க வரையுங்க. நான்தான் இன்ஸ்பெக்டரு."

"நானா? அப்பா வந்திருக்காரு, நீ கெளம்பு."

"இன்ஸ்பெக்‌ஷன் முடியாம யாரும் வெளிய போகக் கூடாது!" — இது தாத்தாவின் சொந்த வசனம். மூன்று நாளில் மனப்பாடம் ஆகிவிட்டது அவனுக்கு.

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஹெல்மெட்டைக் கீழே வைத்தேன்.

தரையில் சார்ட் பேப்பர் விரித்தாகிவிட்டது. "பசுமாடு வரையறேன்" என்று சம்மணமிட்டு உட்கார்ந்தார் அப்பா. "அந்த ஸ்கேல எடு."

"ஸ்கேல் கூடாது. மாடு ஸ்கேல் வெச்சா பொறக்குது?"

"சரி, ரப்பராவது குடு."

"ரப்பரும் கூடாது."

மனிதருக்கு வேர்த்துவிட்டது. கோடு என்றால் அவருக்கு நேர்கோடுதான். அதற்கும் ஸ்கேல் வேண்டும். ஸ்கேல் இல்லாத கோடு நடுங்கியது. ஒரு நீளமான பெட்டி போட்டார். அதன் கீழே, நாலு மூலையிலும் நாலு கால். தலை நிமிர்ந்து பார்த்தார்.

தருண் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான்.

"தாத்தா... இது கட்டிலு."

"இருடா, இன்னும் முடிக்கல." அவசரமாக ஒரு முனையில் உருண்டையாகத் தலை வைத்தார். தலையில் இரண்டு கொம்பு.

"கட்டிலுக்குக் கொம்பு மொளச்சிடுச்சு!"

நான் சிரிப்பை அடக்க முயன்றேன். முடியவில்லை. அப்பா வாலை வரைந்தார். அது எப்படியோ கீழே இறங்கித் தரையைத் தொட்டுவிட்டது.

"அஞ்சாவது காலா தாத்தா?"

"வாலுடா."

"அளவு சரியில்ல" என்றான் தருண், சாட்சாத் தாத்தாவின் குரலில். காதிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தான்.

அந்த நொடி அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். எழுபது வயதுக்காரர் ஐந்து வயதுப் பையனின் பென்சில் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். விளையாட்டுத்தான் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் கை மெல்ல நகர்ந்து வாலை மறைத்துக்கொண்டது.

"டேய், இரு." ஹரிணிதான். பை மடியிலிருந்து இறங்கிவிட்டது. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு படத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"தாத்தா, இது என்ன பண்ணுது?"

அப்பாவுக்குப் புரியவில்லை. முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு போல்ட்டு என்ன பண்ணுகிறது என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"என்ன பண்ணுதுன்னா?"

"சும்மா நிக்குதா? எங்கயாவது போகுதா?"

அவர் மாட்டைப் பார்த்தார். மாடு அவரைப் பார்த்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்தில் என்னவோ நடந்தது.

"அது... பஸ்ஸுக்கு நிக்குதும்மா."

"எந்த பஸ்ஸு?"

"சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போற பஸ்ஸு."

"மாடு எதுக்குத் தாத்தா சத்திரம் போகுது?"

"கண்ணாடி மாத்த. கண்ணு சரியாத் தெரியல பாரு, வால எங்க வெக்கறதுன்னே தெரியாமத் தரையில போட்டு வெச்சிருக்கு. நாலு பேரு மிதிச்சுட்டாங்க. அதான் மூஞ்சி இப்படி இருக்கு."

ஹரிணி சிரித்தாள். தருண் தரையில் உருண்டான். அப்பாவும் சிரித்தார் — சத்தமாக, பல்செட் ஆடுகிற அளவுக்கு. அவர் அப்படிச் சிரித்து நான் எப்போது பார்த்தேன்? யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

"பஸ்ஸுல அதுக்கு சீட்டு கெடைக்குமா?" என்றபடியே ஹரிணி பென்சிலை எடுத்தாள். மாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கண்டக்டரை வரைய ஆரம்பித்தாள். கண்டக்டரின் ஒரு கை இன்னொரு கையைவிட நீளம். அப்பா அதைப் பார்த்தார். உதடு 'மூணு எம்.எம்.' என்று சொல்லக் குவிந்தது. பிறகு சமாளித்துக்கொண்டார்.

"இவரு என்னம்மா பண்றாரு?"

"கடைசி சீட்டு வரைக்கும் டிக்கெட் குடுக்கறாரு தாத்தா. அதுக்குத்தான் கை நீளம்."

"ஓ... அப்ப சரியான அளவுதான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அரை மணி நேரம் கழித்து, "கிளம்பலாமா ஹரிணி?" என்று கேட்டேன். அவள் தலையைக் கூடத் தூக்கவில்லை.

"நீங்க போயிட்டு வாங்கப்பா. மாடு இன்னும் பஸ்ஸே ஏறல."

அப்பா குட்டி ஹெல்மெட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். லிஃப்ட் வரை கூட வந்தார் — அதுவே அவருக்கு அதிகம்.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் இருவருக்கும்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். களிமண் யானைகள் எல்லாம் பஸ் பயணிகள் ஆனதும், கால் குட்டையான யானைக்கு ஜன்னல் சீட் கொடுத்ததும். சாயங்காலம் தாத்தாவோடு நிஜ டவுன் பஸ்ஸில் சத்திரம் வரை போய்த் திரும்பி, ஆளுக்கு ஒரு பயணியை மனசில் வைத்துக்கொண்டு வந்து வரைந்ததும். 'அந்தப் பச்சைப் புடவை அக்கா எங்க போறாங்க?' என்று தாத்தாவே கதை ஆரம்பித்ததும். என் டைம்டேபிளை அவர் கேரம்போர்டுக்கு அடியில் வைத்துவிட்டதையும் பார்த்தேன். போர்டு ஆடுகிறதாம், லேமினேஷன் சரியான கனமாம். போகட்டும், ஒரு வேலைக்காவது பாஸ் ஆனதே!

தாத்தா முழுசாக மாறிவிட்டார் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். இரண்டாவது வாரத்தில்கூட ஒரு நாள் தோசையின் விட்டத்தை அளந்தார் என்று தருண் போட்டுக்கொடுத்தான். பதினைந்தாம் நாள் அம்மாவோடு போனில் பேசும்போது, "யாரு அழுதா? ஒருத்தரும் அழல. வேணும்னா இன்னும் ஒரு மாசம் இருந்துட்டு வா" என்று அப்பா சொன்னதை மட்டும் நானே கேட்டேன்.

ஆகவே, என்ன செய்யலாம் என்று கேட்ட பிள்ளைகளே... எதை வேண்டுமானாலும் செய்யுங்கள். மண், காகிதம், தீப்பெட்டி, வெங்காயத் தோல், எதுவும் ஓகே. ஆனால் உங்கள் தாத்தாவையும் செய்யச் சொல்லுங்கள். சும்மா பார்த்துக்கொண்டிருக்க விடாதீர்கள். செய்து முடித்ததும் யாரும் யாருக்கும் மார்க் போட வேண்டாம். ஹரிணி கேட்ட கேள்வியைக் கேளுங்கள், அது போதும்.

பெரியவர்களே, உங்களுக்கும்தான். 'யானை இப்படியா இருக்கும்?' என்று கேட்கிறோமே... யானை வந்து நம்மிடம் புகார் கொடுத்ததா?

ஹரிணி, தருண், உங்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. அன்றைக்கு உங்களை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தேன் அல்லவா? மறுநாள் காலை வழக்கத்தைவிட அரை மணி முன்னதாகவே கடைக்குப் போனேன். ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கி, குனிந்து உள்ளே நுழைந்து, மறுபடி இறக்கிவிட்டேன். ட்ரேயிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினேன். பால் பாயின்ட் பேனாவால் ஒரு வாத்து வரைந்தேன். கழுத்து ஒரேயடியாக நீண்டுவிட்டது. தாளின் ஓரத்தில் முட்டி வளைந்து திரும்பியது. யாரையோ தேடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டேன்.

பழக்கதோஷத்தில் மிஷினின் மூடியைத் திறந்து, அதில் வைக்கப் போனேன். பிறகு, கோணலோ நேரோ, இது ஒன்றே இருக்கட்டும் என்று மூடியை மூடிவிட்டேன். காப்பி எடுக்கவில்லை.